ட்ரையல்ஸ் பைக்: ஃபோர் ஸ்ட்ரோக்கா, டூ ஸ்ட்ரோக்கா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ட்ரையல்ஸ் என்பது பாறை, சேறு, சரிவு என்று கடினமான தரையில், கால் ஊன்றாமல் மெதுவாக வண்டி ஓட்டும் விளையாட்டு. வந்திருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை ஃபோர் ஸ்ட்ரோக் ட்ரையல்ஸ் வண்டிகளைப் பற்றியவை. வாங்கலாமா என்று யோசிப்பவர்களும், டூ ஸ்ட்ரோக்கை விற்றுவிட்டு இதற்கு மாறியபின் தடுமாறுகிறவர்களும் எழுதியிருக்கிறார்கள். எந்த எஞ்சினுக்குப் பலம் அதிகம் என்பதிலிருந்தே பலரும் தொடங்குகிறார்கள். ஆனால் மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தைக்கூட அதிகம் தாண்டாத ஒரு விளையாட்டில், உங்கள் கை எதற்குப் பழகியிருக்கிறது, வண்டியை எவ்வளவு ஒழுங்காகப் பராமரிப்பீர்கள் என்ற இரண்டும்தான் இந்தத் தேர்வைத் தீர்மானிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ட்ரையல்ஸுக்குப் புதியவன். ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி சாதுவானது, அதில் கற்றுக்கொள்வதே எளிது என்கிறார்கள். உண்மையா?

பாதி உண்மை. ஆக்சிலரேட்டரைச் சற்றே திறந்தால் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் நிதானமாக இழுக்கத் தொடங்கும். ஈரப் பாறையிலும் சேற்று மேட்டிலும் பின் டயர் சட்டென்று சுழன்றுவிடாமல் தரையைப் பற்றிக்கொண்டு ஏறுவதைப் புதியவர்கூட முதல் நாளிலேயே உணர முடியும். கை கொஞ்சம் முரட்டுத்தனமாகத் திருகினாலும் எஞ்சின் அதைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்கிறது. அந்த வகையில் உங்களிடம் அப்படிச் சொன்னவர்கள் சொல்வது சரி.

மறுபாதியை அவர்கள் சொல்லியிருக்க மாட்டார்கள். எஞ்சின் மிக மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரைச் சடாரென்று திறந்தால், ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் ஒருமுறை இருமிவிட்டு அப்படியே நின்றுபோவதுண்டு. அது நிகழ்வது பெரும்பாலும் படிப்பாறை ஒன்றின் அடியில், முன் சக்கரத்தைத் தூக்க வேண்டிய அந்தக் கணத்தில்தான். ட்ரையல்ஸில் ஒருமுறை கால் ஊன்றினால் 1 புள்ளி, இருமுறை ஊன்றினால் 2, அதற்கு மேல் எத்தனை முறை ஊன்றினாலும் 3, போட்டிக்கெனக் குறித்த பாதைப் பகுதியான செக்‌ஷனை முடிக்கத் தவறினால் 5 என்று தண்டப் புள்ளிகள் ஏறுவதால், நின்றுபோன எஞ்சினுக்கு நீங்கள் கொடுக்கும் விலை பெரிது. டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வெடிப்பு நிகழ்வதால், கிளட்ச் விரலும் வலது மணிக்கட்டும் ஒன்றாக அசைந்த உடனேயே வண்டி துள்ளி எழும். நின்ற இடத்திலிருந்து தாவிப் பாறை ஏறும் நுட்பங்களைக் கற்பதற்கு அந்தத் துடிப்பே உதவியாக இருக்கிறது. பாறைத் தாவலையே குறியாகக் கொண்டவர் டூ ஸ்ட்ரோக்கில் தொடங்குவது நல்லது. ஓடைப் படுகை, வேர்கள், நீண்ட சரிவு என இயற்கையான தரையில் நாள் முழுவதும் ஓட்ட விரும்புகிறவருக்கு ஃபோர் ஸ்ட்ரோக் மிகுந்த மகிழ்ச்சி தரும். டூ ஸ்ட்ரோக் வாங்கிவிட்டு அதன் துடிப்பைக் கண்டு அஞ்சுகிறவர்கள் ஆக்சிலரேட்டர் கைப்பிடியில் மெதுவாகத் திறக்கும் த்ராட்டில் குழாயைப் பொருத்திக்கொள்ளலாம். பல புதிய வண்டிகளில் ஈரத் தரைக்கென்று இக்னிஷனை மென்மையாக்கும் சுவிட்சும் உண்டு. செலவு குறைவு, பலன் அதிகம்.

பல ஆண்டுகள் டூ ஸ்ட்ரோக் ஓட்டிவிட்டு ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு மாறினேன். இறக்கங்களில் பின் சக்கரம் இறுகிச் சறுக்குகிறது, எஞ்சினும் நின்றுவிடுகிறது. வண்டியில் கோளாறா?

வண்டியில் கோளாறு இல்லை. ஆக்சிலரேட்டரை மூடிய நிலையில் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினின் பிஸ்டன், மூடிக் கிடக்கும் த்ராட்டில் வாயின் வழியே காற்றை உறிஞ்சப் போராடுகிறது. அந்தப் போராட்டம் முழுவதும் பின் சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும் விசையாக மாறுகிறது. டூ ஸ்ட்ரோக்கில் இந்த எதிர்ப்பு மிகக் குறைவு. எனவே அதில் பழகியவர் இறக்கத்தில் முன் பிரேக், பின் பிரேக் இரண்டையும் தாராளமாகப் பிடித்தே இறங்கியிருப்பார். அதே அளவு பின் பிரேக்கை ஃபோர் ஸ்ட்ரோக்கிலும் மிதித்தால், எஞ்சினின் பிடியும் பிரேக்கின் பிடியும் கூடிச் சக்கரத்தை நிறுத்திவிடும். சக்கரம் நின்றால் எஞ்சினும் நிற்கும்.

முதலில் ஐட்லிங்கைச் சற்று உயர்த்துங்கள். டூ ஸ்ட்ரோக் பழக்கத்தில் தாழ்வாக வைத்திருந்தால் இந்தத் தொல்லை இரட்டிப்பாகும். அடுத்து, பின் பிரேக் பெடலில் கால் வெறுமனே அமர்ந்திருக்கட்டும். மிதிக்க வேண்டிய தேவை நீங்கள் நினைப்பதில் பாதிகூட இராது. மூன்றாவதாக, செங்குத்தான இறக்கத்தில் கிளட்சை முழுவதும் பிடித்துவிடாமல் ஒரு விரலால் தொட்டுக்கொண்டே இறங்கி, சக்கரம் இறுகப்போகிறது என்று தோன்றும் கணத்தில் மட்டும் கிளட்ச் நெம்பியை லேசாகப் பிடித்துப் பழகுங்கள். வறண்ட பொடிமண் சரிவில், பிரேக்கையே தொடாமல் எஞ்சினின் பிடியில் மட்டும் வண்டி ஊர்ந்து இறங்கும்போது பின் டயரின் கட்டைகள் மண்ணில் ஒவ்வொன்றாகப் பதிவதைப் பார்க்கலாம். அந்த நிலை கைகூடிய பிறகு, இறக்கங்களுக்காகவே இந்த எஞ்சினை விரும்பத் தொடங்குவீர்கள்.

வண்டி சாய்ந்து விழுந்தால் மீண்டும் ஸ்டார்ட் செய்ய உதைத்து உதைத்துக் களைத்துவிடுகிறேன். டூ ஸ்ட்ரோக் ஓட்டும் நண்பர் ஒரே உதையில் கிளம்பிவிடுகிறார். என்ன செய்வது?

உங்கள் வண்டி ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் உள்ளதா, கார்ப்பரேட்டர் உள்ளதா என்று குறிப்பிடவில்லை. இரண்டுக்கும் முறை வேறு.

மாண்டேசா நிறுவனத்தின் கோட்டா 4ஆர்டி போன்ற ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் பேட்டரி கிடையாது. பெட்ரோல் பம்புக்கும், இன்ஜெக்டருக்கும், தீப்பொறிக்கும் வேண்டிய மின்சாரம் முழுவதையும் உங்கள் உதையே உற்பத்தி செய்ய வேண்டும். அவசரத்தில் கொடுக்கும் அரைகுறை உதைகள் பத்தும் வீண். ஒரே ஒரு முழு உதை போதும். முதலில் நியூட்ரலுக்கு வாருங்கள். கிக்கரை மெல்ல அழுத்தி, எஞ்சின் இறுகி எதிர்க்கும் இடத்தைக் காலால் உணருங்கள். கிக்கரை மேலே வரவிட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல், உடல் எடை முழுவதும் இறங்கும்படி மேலிருந்து கடைசி வரை ஒரே சீராக உதையுங்கள். ஆக்சிலரேட்டரைத் திருகிக்கொண்டே உதைப்பதுதான் டூ ஸ்ட்ரோக்கிலிருந்து வந்தவர்கள் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பழக்கம்; இந்த வண்டியில் அது தடையாகவே அமையும்.

கார்ப்பரேட்டர் வண்டி சாய்ந்து கிடந்தால் பெட்ரோல் எஞ்சினுக்குள் வழிந்திருக்கும். எஞ்சினை நிறுத்தும் கில் சுவிட்சை ஆஃப் நிலையில் வைத்து, ஆக்சிலரேட்டரை முழுவதும் திறந்து, சில முறை உதைத்து உள்ளே தேங்கியதை வெளியேற்றிவிட்டு, பிறகு ஆக்சிலரேட்டரை மூடி வழக்கம்போல் ஸ்டார்ட் செய்யுங்கள். எந்த வண்டியானாலும், விழுந்தவுடன் எஞ்சினை அணைப்பதே முதல் வேலை. கவிழ்ந்து கிடக்கும் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தால் ஆயில் பம்ப் ஆயிலை விட்டுக் காற்றை உறிஞ்சத் தொடங்கிவிடும். மணிக்கட்டில் கட்டும் கயிற்றுக் கில் சுவிட்ச் இல்லாமல் வண்டி மீது ஏறவே வேண்டாம்.

இத்தனைக்குப் பிறகும், அதுவும் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தால், வால்வு இடைவெளியை, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் இடையிலான இடைவெளியைப் பாருங்கள். அடுத்த கேள்விக்கான பதிலில் அதுவும் வருகிறது.

பராமரிப்புச் செலவு எதில் குறைவு?

ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறவருக்கு ஃபோர் ஸ்ட்ரோக்கில் சிறு செலவுகள் அடிக்கடி வரும், பெரிய செலவு அபூர்வமாக வரும். அலட்சியமாக இருப்பவருக்கு அந்தப் பெரிய செலவு சீக்கிரமே வந்துவிடும். இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் கணக்குப் போட வேண்டும்.

ட்ரையல்ஸ் எஞ்சின்களில் எடையைக் குறைப்பதற்காக ஆயிலின் அளவை மிகக் குறைவாகவே வைத்திருப்பார்கள். சாலை வண்டியில் பெரிய அளவு ஆயில் பகிர்ந்துகொள்ளும் சூட்டையும் அழுக்கையும் இங்கே அந்தக் கொஞ்ச ஆயிலே சுமக்கிறது. எனவே கிலோமீட்டரைப் பார்க்காமல், ஓட்டிய மணிநேரத்தைக் குறித்துவைத்து, கையேட்டில் சொன்ன இடைவெளிக்கு முன்பே ஆயிலை மாற்றிவிடுங்கள். 4ஆர்டியில் எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் தனித்தனி ஆயில் அறைகள் உள்ளன. ஒன்றை மாற்றிவிட்டு மற்றதை மறந்துவிடுகிறவர்கள் உண்டு. கிளட்ச் தேய்ந்து உதிரும் துகள் எஞ்சின் ஆயிலில் கலக்காமல் இருப்பது இந்த அமைப்பின் பெரிய நன்மை.

வால்வு விஷயத்தில் சத்தத்தை மட்டும் நம்பக் கூடாது. டேப்பெட் தட்டும் ஓசை கேட்டால் எல்லோரும் பதறுகிறார்கள். ஆனால் வால்வு அதன் இருக்கையில் மெல்ல மெல்லத் தேய்ந்து உள்ளே இறங்கும்போது இடைவெளி குறைந்துகொண்டே போகும், ஓசையும் அடங்கிக்கொண்டே போகும். எஞ்சின் முன்னைவிட அமைதியாகிவிட்டது என்று நீங்கள் மகிழ்ந்துகொண்டிருக்கும்போது வால்வு முழுவதும் மூடாமல் கம்ப்ரெஷன் கசிந்துகொண்டிருக்கும். ஸ்டார்ட் ஆக மறுப்பதுதான் முதல் அறிகுறி. மெல்லிய தகடுகளால் இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் ஒன்றை வாங்கி, எஞ்சின் முற்றிலும் குளிர்ந்த பிறகு அளந்து பாருங்கள். கற்றுக்கொள்ள ஒரு பிற்பகல் போதும்.

டூ ஸ்ட்ரோக்கில் இத்தகைய வால்வு, கேம், டைமிங் செயின் எதுவும் இல்லை. பிஸ்டனும் ரிங்கும் தேய்ந்தால் சாதாரணக் கருவிகளைக் கொண்டே மாற்றிவிடலாம். சைலன்சருக்குள் பஞ்சு மாற்றுவது, காற்று உள்ளே வரும் வழியில் இருக்கும் ரீட் வால்வின் மெல்லிய இதழ்களில் விரிசல் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது, கார்ப்பரேட்டரைச் சுத்தம் செய்வது ஆகியவை எஞ்சியவை. கருவிப்பெட்டியோடு உட்கார்ந்து தாமே வேலை செய்ய விரும்புகிறவருக்கு டூ ஸ்ட்ரோக்தான் சிக்கனம்.

டூ ஸ்ட்ரோக்குக்காக ஆயில் கலந்து வைத்த பெட்ரோலை அவசரத்துக்கு ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஊற்றலாமா?

தவிர்த்துவிடுங்கள். தவறுதலாகக் கொஞ்சம் ஊற்றிவிட்டால் எஞ்சின் உடனே பாழாகாது. புகையும், பிளக் அழுக்கேறும். அதைவிடப் பெரிய ஆபத்து இதற்கு நேர்மாறானது: ஆயில் கலக்காத பெட்ரோலை டூ ஸ்ட்ரோக்கில் ஊற்றினால் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். வீட்டில் இரண்டு வகை வண்டியும் இருந்தால் கேன்களின் நிறமே வேறாக இருக்கட்டும்.

ஃபோர் ஸ்ட்ரோக் ஐந்து கிலோ அதிகம் என்கிறார்கள். ஐந்து கிலோ ஒரு பொருட்டா?

இப்போதைய டூ ஸ்ட்ரோக் ட்ரையல்ஸ் வண்டிகள் 70 கிலோவுக்குச் சற்றுக் கீழேயும், ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகள் அதற்குச் சற்று மேலேயும் நிற்கின்றன. ஓடும்போது இந்த வேறுபாட்டைப் பலரும் உணர்வதில்லை. நின்ற இடத்தில் பின் சக்கரத்தைத் தூக்கித் திருப்பும்போதும், மாலையில் கை சோர்ந்த பிறகு பள்ளத்திலிருந்து வண்டியைத் தூக்கும்போதும் தெரியும். அந்த எடையில் பெரும்பகுதி சிலிண்டர் தலையில், அதாவது உயரத்தில் இருப்பதே காரணம். உடல் இலேசாக உள்ளவர்கள் வாங்குவதற்கு முன் ஓட்டிப் பார்ப்பதோடு நிறுத்தாமல், படுக்க வைத்துத் தூக்கியும் பார்க்க வேண்டும்.

ட்ரையல்ஸ் வீரர் டோனி போ ஃபோர் ஸ்ட்ரோக்கில்தானே இத்தனை உலகப் பட்டங்களை வென்றார்? அப்படியானால் எது சிறந்தது என்பது முடிவாகிவிடவில்லையா?

அவர் 2007 முதல் 2024 வரை ஒவ்வோராண்டும் மாண்டேசாவின் ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் உலக சாம்பியன் ஆனார் என்பது உண்மை. ஆனால் அதே 4ஆர்டி 2005இல் வந்தபோது, 2005, 2006 ஆகிய இரண்டு ஆண்டுகளும் பட்டத்தை வென்றவர் காஸ் காஸ் டூ ஸ்ட்ரோக் ஓட்டிய ஆடம் ராகா. அதற்கும் முன்னே பார்த்தால், 1982, 1983, 1984 ஆகிய மூன்று ஆண்டுகளில் எடி லெஜூன் ஹோண்டா ஃபோர் ஸ்ட்ரோக்கில் வென்றார். 1985 முதல் 2006 வரை எல்லாப் பட்டங்களும் டூ ஸ்ட்ரோக் ஓட்டியவர்களுக்கே போயின.

இன்னும் பின்னோக்கிப் போனால் ட்ரையல்ஸ் வீரர் சாமி மில்லரின் கதை இருக்கிறது. 500 சிசி ஏரியல் ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் கொடிகட்டிப் பறந்த அவர், 1964இன் இறுதியில் ஸ்பெயின் நாட்டின் புல்டாக்கோவுக்கு மாறி, 1965இல் அதன் இலேசான டூ ஸ்ட்ரோக் வண்டியில் ஸ்காட்லாந்தின் ஆறு நாள் ட்ரையல் போட்டியை வென்றார். கனமான ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளின் காலம் அதோடு முடிவுக்கு வரத் தொடங்கியது. இந்த வரலாறு முழுவதிலும் எஞ்சினின் வகையைவிட எடையும், ஓட்டியவரின் திறமையும், பின்னால் நின்ற நிறுவனத்தின் உழைப்புமே முடிவைத் தீர்மானித்தன என்று கருதுகிறேன். மேலும், போ ஓட்டுவது தொழிற்சாலை அவருக்கெனத் தயாரித்த வண்டி. கடையில் நாம் வாங்குவது வேறு.

பழைய ஹோண்டா டிஎல்ஆர்200 ஒன்று கிடைக்கிறது. இன்றைக்கு அது பயன்படுமா?

நன்றாகவே பயன்படும். காற்றால் குளிரும் 194 சிசி எஞ்சின், பின்னால் இரண்டு ஷாக் அப்சார்பர்கள், ட்ரம் பிரேக் என எல்லாமே எளிமையானவை. பாறை மேல் தாவ முடியாது. மிதமான தரையில் நாள் முழுவதும் சலிப்பில்லாமல் ஓடும். இரட்டை ஷாக் வண்டிகளுக்கென்று தனிப் பிரிவு வைக்கும் போட்டிகளும் உண்டு.

பழைய வண்டி வாங்கும்போது இரண்டு வகையிலும் எதைப் பார்க்க வேண்டும்?

நீங்கள் வரும்வரை எஞ்சினைச் சூடாக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஃபோர் ஸ்ட்ரோக்கின் உடல்நிலையைக் குளிர்ந்த எஞ்சினின் முதல் உதைகளே காட்டிக்கொடுக்கும். நன்றாகச் சூடேறிய பிறகு ஆக்சிலரேட்டரை முறுக்கி விடும்போது நீலப் புகை வந்தால் வால்வு சீல்களிலோ கைடுகளிலோ தேய்மானம் உண்டு.

டூ ஸ்ட்ரோக்கில் ஐட்லிங் நிலையாக நிற்கிறதா, தானாக ஏறுகிறதா என்று கவனியுங்கள். தானாக ஏறினால் எங்கேயோ காற்று கசிகிறது. பெரும்பாலும் கிராங்க் சீல். மறுபக்கச் சீல் போயிருந்தால் கியர் ஆயில் எஞ்சினுக்குள் இழுக்கப்பட்டு எரியும். விடாத வெண்புகையும் குறைந்துகொண்டே போகும் கியர் ஆயிலும் அதன் அடையாளம்.

இரண்டு வகைக்கும் பொதுவான சோதனை ஒன்றை விட்டுவிடாதீர்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றி, எஞ்சின் பக்கம் போகும் ரப்பர் குழாயின் உட்புறத்தை ஒரு விரலால் தடவுங்கள். விரலில் நறநறவென்று மண் ஒட்டினால், அந்த மண் பிஸ்டன்வரை போயிருக்கிறது; வெளியே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் எஞ்சினைப் பிரித்து வேலை பார்க்கும் செலவைக் கழித்துத்தான் விலை பேச வேண்டும். ரேடியேட்டர் விசிறி தானாகச் சுழலத் தொடங்கும்வரை எஞ்சினை ஓடவிட்டுப் பார்ப்பதும் அவசியம். மெதுவாக ஊரும் இந்த வண்டிகளில் எதிர்க்காற்று கிடைக்காது, விசிறி நின்றால் சில நிமிடங்களிலேயே கூலண்ட் கொதித்துவிடும்.