வெள்ளை அணு 3,200ன்னா எதிர்ப்பு சக்தி போச்சா?

இல்லங்க, போகல. காய்ச்சலோட நாலாவது நாள் எடுத்த சிபிசில, அதாவது ரத்த அணுக்கள எண்ணுற டெஸ்ட்ல, உங்க தம்பிக்கு வெள்ளை அணு 3,200 வந்திருக்கு, 4,000ல இருந்து 11,000 வரைக்கும் நார்மல்னு பக்கத்துல போட்டிருக்கறதால பயந்துட்டீங்க, ஆனா இந்த ஒரு நம்பர வெச்சு எதிர்ப்பு சக்தி எவ்ளோன்னு சொல்லவே முடியாது.

பெரும்பாலும் வைரஸ் காய்ச்சல்தான் காரணமா இருக்கும். எலும்பு மஜ்ஜை கொஞ்ச நாள் அணு உற்பத்திய குறைச்சுக்கும், டெங்குல இது ரொம்ப சகஜம், பிளேட்லெட் இறங்குறதுக்கு முன்னாடியே வெள்ளை அணு இறங்கிடும்.

ரிப்போர்ட்ல கீழ டிஃபரென்ஷியல் கவுண்ட்னு இருக்கும், வெள்ளை அணுல எந்த வகை எத்தனை சதவீதம்னு காட்டுறது, அதுல நியூட்ரோபில்ங்கற வகையோட சதவீதத்தை மொத்தத்தோட பெருக்குங்க. 48%ன்னா 3,200ல 1,536. 1,500க்கு மேல இருந்தா நிம்மதியா இருங்க, டெங்கு இல்லன்னா காய்ச்சல் விட்டு ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு சிபிசி எடுத்தா போதும். 500க்கு கீழ போய் காய்ச்சலும் இருந்தா வீட்ல உக்காந்திருக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரி.

இன்னொண்ணு, தைராய்டுக்கு கார்பிமசோல் மாதிரி மாத்திரை எதாவது சாப்பிடறாரான்னு கேளுங்க. அதுவும் வெள்ளை அணுவ இறக்கும், அப்படின்னா டாக்டர்கிட்ட இன்னைக்கே சொல்லிடுங்க. டெங்குன்னா காய்ச்சல் விடுற சமயம்தான் டேஞ்சர், வயித்து வலி, விடாத வாந்தி, ஈறுல ரத்தம் வந்தா கவுண்ட் எதுவா இருந்தாலும் கூட்டிட்டு போயிடுங்க. புரூஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை வேணாம், பாராசிட்டமால் மட்டும். கடைல விக்கிற இம்யூனிட்டி பவுடருக்கு காசு கொட்டாதீங்க, அந்த காசுல இளநி வாங்கி குடுங்க.