ஒரு பேட்டரி சராசரியாக 10 மணி நேரம் ஓடும் என்கிறார்கள், அதை விற்பவர்கள். 16 பேட்டரிகளைச் சோதித்ததில் சராசரி 9.6 மணி நேரம் வந்தது. அப்படியானால் சொன்னது பொய்யா?

உடனே பொய் என்று சொல்லிவிட முடியாது. வேறு 16 எடுத்திருந்தால் வேறு சராசரி வந்திருக்கும். அதனால் முதலில் 'உண்மைச் சராசரி 10தான்' என்றே வைத்துக்கொள்கிறோம். இதுதான் இன்மைக் கருதுகோள். அது உண்மையானால் 10-லிருந்து இவ்வளவு விலகிய ஒரு மாதிரி (சோதிக்க எடுத்த 16 பேட்டரிகள்) கிடைப்பது எவ்வளவு அரிது என்பதே கேள்வி.

மாதிரியின் திட்ட விலக்கம் (தனித்தனி பேட்டரிகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) 0.8 என்று வைத்துக்கொள்வோம். 16-இன் வர்க்கமூலம் 4, 0.8-ஐ அதால் வகுத்தால் திட்டப் பிழை 0.2; மாதிரிக்கு மாதிரி சராசரி எவ்வளவு மாறக்கூடும் என்பதன் அளவு இது. 9.6-க்கும் 10-க்கும் வித்தியாசம் -0.4. அதைத் திட்டப் பிழையால் வகுத்தால் வருவது டி மதிப்பு (வித்தியாசம் எத்தனை திட்டப் பிழை என்பது): -2.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். டி மதிப்பு எந்த எல்லையைத் தாண்டினால் அரிது என்று காட்டும் டி அட்டவணையில் 15-ஆம் வரியைப் பாருங்கள் (16-இல் ஒன்று குறைவு). 'குறைவாக ஓடுகிறதா?' என்று மட்டும் கேட்டால் 5% மட்டத்தில் (கூற்று உண்மையாக இருந்தும் தவறாக நிராகரிக்கும் வாய்ப்பு 5%) எல்லை -1.753. அதைத் தாண்டிவிட்டோம், கூற்றை நிராகரிக்கலாம். 'கூடவோ குறையவோ வேறுபடுகிறதா?' என்று கேட்டால் எல்லை இரு பக்கமும் 2.131. அப்போது நிராகரிக்க முடியாது! ஒரே தரவு, இரண்டு முடிவு. எனவே எந்தக் கேள்வி என்பதைச் சோதிப்பதற்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள். விடையைப் பார்த்துவிட்டுக் கேள்வியைத் தேர்ந்தெடுப்பது நேர்மையான சோதனை ஆகாது.

அப்புறம், நிராகரிக்க முடியவில்லை என்றால் 10 நிரூபணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. மறுக்கப் போதுமான சான்று இந்த 16-இல் இல்லை, அவ்வளவுதான்.