கடுங்காப்பி நிறத்தில் சிறுநீர்: அதை ஏன் கடைசி வரியில் எழுதினீர்கள்?

கேள்வி: வயது 41. கொழுப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஆறு மாதமாக ஓடுகிறேன். வேகமாக ஓடினால் தொடை எரிகிறது. வலி இரண்டு நாள் நிற்கிறது. நானாக லேபில் ரத்தம் கொடுத்துப் பார்த்தேன், லாக்டேட் 2.6. ஆக்சிஜன் இல்லாமல் செல்கள் குளுக்கோஸை எரிப்பதுதான் புற்றுநோய் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். என் அப்பா கணையப் புற்றுநோயில் இறந்தவர். அதனால் சர்க்கரை, சோறு இரண்டையும் விட்டுவிட்டேன். காலையில் ஒரு ஸ்பூன் ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கலந்து குடிக்கிறேன். ஆக்சிஜன் ஏற்றிய தண்ணீரும் வாங்குகிறேன். எனக்குப் புற்றுநோய் வருமா? போன மாதம் ஜிம்மில் நண்பர்களோடு போட்டி போட்டு 300 பஸ்கி எடுத்தேன். மறுநாள் சிறுநீர் கடுங்காப்பி மாதிரி போனது. வலி மாத்திரை போட்டதில் இரண்டு நாளில் சரியாகிவிட்டது.

பதில்: லாக்டேட் 2.6 என்பதற்கும் புற்றுநோய்க்கும் சம்பந்தமில்லை. தொடை எரிவதற்கும் சம்பந்தமில்லை. அப்பாவை அந்த நோயில் இழந்த ஒருவர் இப்படிப் பயப்படுவது எனக்குப் புரிகிறது. அதனால் முதலில் அதற்குப் பதில் சொல்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது கடைசி மூன்று வாக்கியங்கள்தான். பிறகு அவற்றுக்கு வருகிறேன்.

நம் செல்கள் குளுக்கோஸிலிருந்து சக்தி எடுப்பது இரண்டு கட்டமாக நடக்கிறது. முதல் கட்டத்துக்கு ஆக்சிஜன் தேவையே இல்லை. ஆறு கார்பன் உள்ள குளுக்கோஸ், மூன்று மூன்று கார்பன் உள்ள இரண்டு பைருவேட்டாக உடைகிறது. இதில் செல்லுக்குக் கிடைக்கும் லாபம் 2 ஏடிபி. செல் செய்யும் எந்த வேலைக்கும் செலவாவது இந்த ஏடிபிதான். ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தால் பைருவேட், செல்லுக்குள் உலை மாதிரி இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய் முழுதாக எரிகிறது. கார்பன், கார்பன் டை ஆக்சைடாகி மூச்சில் வெளியேறுகிறது. ஹைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராகிறது. அப்போது ஒரு குளுக்கோஸுக்கு மொத்தம் 30 முதல் 32 ஏடிபி வரை கிடைக்கும். பள்ளியில் 38 என்று படித்திருப்பீர்கள். அது பழைய கணக்கு.

2 எங்கே, 30 எங்கே என்று தோன்றும். ஆனால் முதல் கட்டம் மிக வேகமானது. நீங்கள் வேகமாக ஓடும்போது தொடைத் தசை கேட்கும் வேகத்துக்கு மைட்டோகாண்ட்ரியாவால் ஈடுகொடுக்க முடியாது. அப்போது முதல் கட்டம் ஓயாமல் ஓடியாக வேண்டும். அது ஓடுவதற்கு என்ஏடி என்ற ஒரு பொருள் காலியாகக் கிடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். குளுக்கோஸ் உடையும்போது வெளிவரும் ஹைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொள்வது அதன் வேலை. எல்லா என்ஏடியும் நிரம்பிவிட்டால் குளுக்கோஸ் உடைவது நின்றுபோகும். அந்த நேரத்தில் பைருவேட் அந்த ஹைட்ரஜனைத் தான் வாங்கிக்கொண்டு லாக்டேட்டாக மாறுகிறது. என்ஏடி விடுபட்டு மறுபடி வேலைக்குப் போகிறது. ஆக, லாக்டேட் உருவாவதால்தான் உங்களால் அந்தக் கடைசி நூறு மீட்டரை ஓட முடிகிறது. இட்லி மாவைப் புளிக்க வைக்கும் பாக்டீரியாக்கள் செய்வதும் இதே வேலைதான்.

உருவான லாக்டேட் உடம்பில் தேங்கிக் கிடப்பதும் இல்லை. இதயத் தசை அதை எடுத்து எரித்துக்கொள்கிறது. கல்லீரல் அதை மறுபடி குளுக்கோஸாக்கி ரத்தத்தில் விடுகிறது. இந்தச் சுழற்சிக்கு கோரி சுழற்சி என்று பெயர். கண்டுபிடித்த கார்ல் கோரி, கெர்டி கோரி தம்பதிக்கு 1947-ல் நோபல் பரிசு கிடைத்தது. கடும் ஓட்டத்தில் 15, 20 வரைகூட ஏறும் லாக்டேட், ஒரு மணி நேரத்துக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். எனவே இரண்டு நாள் நிற்கும் வலிக்கு லாக்டேட் காரணமாக இருக்க முடியாது. அது பழக்கமில்லாத வேலையால் தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய காயம். தானாக ஆறிவிடும்.

உங்கள் 2.6-க்கு வருவோம். ஓய்வில் இருப்பவருக்கு 2 வரை இயல்பு. ரத்தம் எடுக்கும்போது கையில் பட்டையை நெடுநேரம் இறுக்கிக் கட்டியிருந்தாலோ, முஷ்டியை மடக்கித் திறக்கச் சொன்னாலோ அளவு ஏறும். குழாயில் எடுத்து வைத்த ரத்தத்திலும் ஏறும். ஏனென்றால் சிவப்பணுக்களில் மைட்டோகாண்ட்ரியாவே கிடையாது. உடம்பு முழுக்க ஆக்சிஜனைச் சுமக்கும் அவை, தங்கள் பிழைப்புக்கு அதில் துளியும் எடுத்துக்கொள்வதில்லை. நாள் முழுக்க குளுக்கோஸை லாக்டேட்டாக்கித்தான் வாழ்கின்றன, குழாய்க்குள்ளும் கூட. அதைத் தடுக்கத்தான் ஃப்ளூரைடு போட்ட சாம்பல் மூடிக் குழாயில் எடுத்து, உடனே பரிசோதிக்க வேண்டும் என்ற விதி. தீவிர சிகிச்சைப் பிரிவில் ரத்த அழுத்தம் விழுந்து கிடக்கும் நோயாளிக்கு நாங்கள் மணிக்கணக்கில் பின்தொடரும் பரிசோதனை இது. ஓடிக்கொண்டிருக்கும் மனிதர் தானே போய் எடுத்துப் பார்த்து, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதற்கானது அல்ல.

இனி அந்த வீடியோ. ஓட்டோ வார்பர்க் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி 1920களில் ஒன்றைக் கவனித்தார். புற்றுநோய்ச் செல்கள் ஆக்சிஜன் தாராளமாக இருந்தாலும் குளுக்கோஸை லாக்டேட்டாக மாற்றுகின்றன. இது உண்மை, பெட் ஸ்கேன் கட்டியைக் காட்டுவதே அது குளுக்கோஸை அதிகமாக இழுப்பதால்தான். செல்லின் சுவாசம் கெட்டதுதான் புற்றுநோய்க்குக் காரணம் என்று வார்பர்க் நினைத்தார். அந்த முடிவு நிற்கவில்லை. பெரும்பாலான புற்றுநோய்ச் செல்களில் மைட்டோகாண்ட்ரியா வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. மரபணுக்கள் கெட்டதால் செல் கட்டுப்பாடில்லாமல் பெருகுகிறது. அப்படிப் பெருகும் செல் குளுக்கோஸைக் கையாளும் விதம் மாறுகிறது. வார்பர்க் புற்றுநோயின் காரணத்தைக் கண்டுபிடித்ததற்காக நோபல் பரிசு வாங்கினார் என்று அந்த வீடியோவில் சொல்லியிருப்பார்கள். 1931-ல் அவர் வாங்கியது, செல் சுவாசத்துக்கு உதவும் ஒரு நொதியைப் பற்றிய ஆராய்ச்சிக்கு. இப்படி ஒரு பரிசைத் திரித்துச் சொல்லி, அப்பாவை இழந்தவர்களிடம் பாட்டில் தண்ணீர் விற்பதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஆக்சிஜன் நுரையீரல் வழியாகத்தான் ரத்தத்துக்குப் போகும். ஒரு சாதாரண மூச்சிலேயே சுமார் 100 மில்லி ஆக்சிஜன் உள்ளே போகிறது. அந்தப் பாட்டிலை வாங்காதீர்கள். ஆப்ப சோடாவை இன்றே நிறுத்துங்கள். ரத்தத்தின் பி.எச். அளவை 7.35-க்கும் 7.45-க்கும் இடையே நுரையீரலும் சிறுநீரகமும் காக்கின்றன. அதற்கு உங்கள் ஸ்பூன் தேவையில்லை. ஒரு டீஸ்பூன் சோடாவில் 1 கிராமுக்கு மேல் சோடியம் இருக்கிறது. ஒரு நாள் முழுக்க 2 கிராமுக்குக் குறைவாகத்தான் போக வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சோற்றை அளவாகச் சாப்பிடுங்கள். அப்பாவுக்கு வந்ததால் உங்கள் அபாயம் மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதல்தான். ஆனாலும் அது சிறியது, லாக்டேட்டைப் பார்த்து அறியக்கூடியதும் அல்ல. ரத்த உறவில் வேறு யாருக்காவது கணையம், மார்பகம், சினைப்பையில் புற்றுநோய் வந்திருந்தால் மரபணு ஆலோசனைக்குப் போங்கள். புகைப்பவராக இருந்தால் அதை விடுங்கள். நீங்கள் செய்யக்கூடியதில் உண்மையில் பலன் தரும் காரியம் அது.

சரி, இப்போது அந்தக் கடைசி வரிகள்.

300 பஸ்கி எடுத்த மறுநாள் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது என்றால், உங்கள் தொடைத் தசையின் ஒரு பகுதி உடைந்து ரத்தத்தில் கலந்திருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். தசைச் செல்லின் சவ்வில் உள்ள பம்புகள் சோடியத்தையும் கால்சியத்தையும் இடைவிடாமல் வெளியே தள்ளிக்கொண்டிருக்க வேண்டும். அந்த வேலைக்கு ஏடிபி வேண்டும். தாங்க முடியாத அளவுக்குத் தசையை வதைத்தால், சவ்வு கிழிந்தும் ஏடிபி தீர்ந்தும் கால்சியம் உள்ளே பெருகுகிறது. செல் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. உள்ளே இருந்த பொட்டாசியம், தசையின் சிவப்புப் புரதமான மயோகுளோபின் எல்லாம் ரத்தத்துக்கு வருகின்றன. பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பு தடம் மாறலாம். மயோகுளோபின்தான் சிறுநீருக்கு அந்த நிறத்தைக் கொடுக்கிறது. சிறுநீரகக் குழாய்களை அடைத்துக் கெடுப்பதும் அதுதான். 1940-ல் லண்டன் குண்டுவீச்சில் இடிபாடுகளுக்குள் கால் நசுங்கிக் கிடந்து மீட்கப்பட்டவர்கள், நன்றாகத் தேறுவதுபோல் இருந்து சில நாளில் சிறுநீரகம் நின்று இறந்தார்கள். அதைப் பைவாட்டர்ஸ், பீல் என்ற இரு மருத்துவர்கள் 1941-ல் எழுதிய பிறகுதான் உலகம் இதைச் சரியாகப் புரிந்துகொண்டது. கட்டடம் இடிந்து விழத் தேவையில்லை. போட்டிக்காக எடுக்கும் பஸ்கியும், பழக்கமில்லாதவர் உச்சிவெயிலில் ஓடும் ஓட்டமும் போதும்.

லாக்டேட்தான் தசையைக் கெடுக்கிறது என்று இன்னும் நினைத்தால் இதையும் கேளுங்கள். பிரையன் மெக்ஆர்டில் என்ற மருத்துவர் 1951-ல் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். கிளைகோஜனாகச் சேமித்து வைத்த குளுக்கோஸை அந்த நோயாளியின் தசையால் உடைத்து எடுக்க முடியாது. எவ்வளவு உழைத்தாலும் ரத்தத்தில் லாக்டேட் ஏறாது. ஆனால் கொஞ்சம் உழைத்தாலே தாங்க முடியாத வலி வரும், தசை விறைத்துவிடும். இந்த நோய் உள்ளவர்களில் பலருக்கும் கடுமையாக உழைத்த பிறகு சிறுநீர் கறுத்துப் போகிறது. லாக்டேட்டே ஏறாதவரின் தசைதான் முதலில் உடைகிறது.

இன்னொன்று: கொழுப்புக்கான ஸ்டாட்டின் மாத்திரைகள் சிலருக்குத் தசையைப் பாதிக்கும். தைராய்டு குறைவாக இருந்தாலோ, கிளாரித்ரோமைசின் போன்ற சில மருந்துகள் கூடச் சேர்ந்தாலோ அந்த வாய்ப்பு கூடும். அதற்கு மேல் நீங்கள் வலி மாத்திரையும் போட்டிருக்கிறீர்கள். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக் எல்லாம் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைப்பவை. சிறுநீரகம் மயோகுளோபினோடு போராடும் நாளில் அவற்றைப் போடுவது மிக மோசமான காரியம். வலி குறைந்ததால் ஆபத்து குறைந்துவிட்டதாக உங்களுக்குத் தோன்றியிருக்கும். இரண்டு நாளில் நிறம் தெளிந்தது உங்கள் நல்ல நேரம்.

தண்ணீர் குடிக்காமல் சிறுநீர் அடர்மஞ்சளாகப் போவது வேறு. தண்ணீர் குடித்தால் அது வெளுக்கும். பால் கலக்காத டீ, கோலா, காப்பி நிறம் வந்தாலோ, கடுமையாக உழைத்த பிறகு தொடையோ கையோ கல் மாதிரி வீங்கினாலோ, எழுந்து நிற்க பலமில்லாமல் போனாலோ, சிறுநீர் அளவு குறைந்தாலோ, அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். காலையில் பார்க்கலாம் என்று படுக்கக் கூடாது. அங்கே சிகே என்ற தசை நொதியைப் பார்ப்பார்கள். இயல்பாக ஒன்றிரண்டு நூறுக்குள் இருக்கும் அது, இதில் ஆயிரங்களில், சிலருக்கு லட்சத்தைத் தாண்டியும் நிற்கும். சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் சோதனைப் பட்டை ரத்தம் இருப்பதாகக் காட்டும், நுண்ணோக்கியில் சிவப்பணு இருக்காது; பட்டை காட்டியது மயோகுளோபினை. நரம்பு வழியாக நிறைய சலைன் ஏற்றினால், சீக்கிரம் வந்த பெரும்பாலோருக்குச் சிறுநீரகம் முழுதாகத் தேறிவிடும். தாமதமாக வந்தவர்களுக்கு டயாலிசிஸ் வரை போகிறது.

உங்களுக்கு ஒரு மாதம் கடந்துவிட்டதால் சிகே இப்போது இறங்கியிருக்க வேண்டும். இறங்காமல் இருந்தால் அதுவே ஒரு தகவல். நாளைக்கே உங்கள் மருத்துவரிடம் மாத்திரை அட்டையோடு போய், நடந்ததை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். புற்றுநோய்ச் சந்தேகத்தை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். கிரியாட்டினின், பொட்டாசியம், சிகே, தைராய்டு, சிறுநீர்ப் பரிசோதனை போதும். ஸ்டாட்டினைத் தொடர்வதா, மாற்றுவதா என்று அவர் முடிவு செய்யட்டும். நீங்களாக நிறுத்திவிட்டு வீடியோ பார்த்து வேறு எதையும் தொடங்காதீர்கள். இதே மாதிரி மறுபடி ஒரு முறை வந்தால், பரம்பரைத் தசை நோய் இருக்கிறதா என்று நரம்பியல் நிபுணரிடம் பார்த்தே ஆக வேண்டும்.

முடிவுகள் இயல்பாக இருந்தால் தாராளமாக ஓடுங்கள், தொடை எரியட்டும். பஸ்கியை 20, 30 என்று தொடங்கி, வாரக்கணக்கில் ஏற்றுங்கள். முடிவுகள் வரும்வரை ஓட்டமும் வேண்டாம், ஜிம்மும் வேண்டாம். வலி இருந்தால் பாராசிட்டமால் மட்டும், அதுவும் மருத்துவர் சொன்ன அளவில்.