சொந்தமாக என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர் குழு அமைத்தால் என்ன சிக்கல்கள் வரும்?

என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர் என்பது ஒரு நிறுவனத்தின் வேலைமுறைகள், மென்பொருள்கள், டேட்டா எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தும்படி திட்டமிடுவது. இதற்கு வெளி ஆலோசகர்களை விட்டுவிட்டு நிறுவனத்துக்குள்ளேயே குழு அமைப்பது நல்ல முடிவுதான். ஆள் கிடைப்பதுதான் பெரிய கஷ்டம் என்று பலர் நினைக்கிறார்கள். என் பார்வையில் அதைவிடப் பெரியது அதிகாரம். ஒரு திட்டத்தை நிறுத்தி, "இதே வேலையைச் செய்யும் மென்பொருள் ஏற்கெனவே இருக்கிறதே" என்று கேட்கும் உரிமை இல்லாத குழு, படம் வரைந்து கொடுப்பதோடு நின்றுவிடும். அதிகாரம் கூடிப்போனாலும் ஆபத்துதான்: ஒப்புதலுக்கு வாரக்கணக்கில் காத்திருக்கும் டெவலப்பர்கள் குறுக்குவழி தேடுவார்கள்.

அப்புறம், ஒரு நிறுவனம் உருவாக்கும் அமைப்புகள் அதன் தகவல்தொடர்பு முறையையே பிரதிபலிக்கும் என்று கணினி அறிவியலாளர் மெல்வின் கான்வே 1968இல் எழுதினார். விற்பனைப் பிரிவும் கணக்குப் பிரிவும் பேசிக்கொள்ளாத இடத்தில், ஒரே வாடிக்கையாளரின் விவரம் இரண்டு டேட்டாபேஸில் இரண்டு விதமாகக் கிடக்கும். அதைச் சரிசெய்ய முதலில் அந்த இரண்டு பிரிவுகளையும் ஒரே மேசையில் உட்கார வைக்க வேண்டும். அனுபவமுள்ள டெவலப்பருக்குப் பதவி மட்டும் மாற்றிக் கொடுத்தால் இந்தத் திறமை வந்துவிடாது.

1995இல் முதல் பதிப்பு வந்த டோகாஃப் (TOGAF) போன்ற, இந்த வேலைக்கு வழிமுறை சொல்லும் சட்டகங்கள் உதவும். ஆனால் முழுவதையும் முதல் நாளே அப்படியே புகுத்தாதீர்கள். தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளும்படி டோகாஃபே சொல்கிறது.

பலன் தெரியச் சில வருடங்கள் ஆகலாம், அதற்குள் பட்ஜெட்டில் கை வைப்பார்கள். அதனால் இரண்டு மூன்று பேரோடு, எல்லோருக்கும் வலிக்கும் ஒரே ஒரு பிரச்சினையை எடுத்துத் தொடங்குங்கள்.