சீன டிராகன் நடனத்தில் முன்னால் ஒருவர் உருண்டையோடு ஓடுவது எதற்கு?

அது முத்து. கம்பு நுனியில் அதை ஏந்தியவர் ஓட, டிராகன் துரத்துகிறது. ஞானத்தைத் தேடி ஓடுவதாகப் பொருள் சொல்வார்கள். மேலைநாட்டுக் கதைகளில் வரும் கொடிய மிருகம் இல்லை இது. சீனர்களுக்கு டிராகன் மழை தரும் சக்தி. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஹான் வம்சக் காலத்திலேயே மழை வேண்டிக் களிமண் டிராகன் செய்து ஆடியிருக்கிறார்கள்.

அப்புறம், எனக்கு மிகவும் பிடித்தது ஹாங்காங்கின் டாய் ஹாங் பகுதியில் ஆடும் நெருப்பு டிராகன். 1880இல் கொள்ளைநோயை விரட்ட ஆடத் தொடங்கியதாம்; இன்றும் இலையுதிர்கால நிலா விழாவில் ஆடுகிறார்கள். 67 மீட்டர் நீள வைக்கோல் உடல், அது முழுக்கச் செருகிய ஆயிரக்கணக்கான ஊதுபத்திகள். இருட்டில் உடலே தெரியாது, சிவந்த கங்குகள் வளைந்து வளைந்து வருவதும் அதைச் சூழ்ந்த புகையும்தான் தெரியும்.