கேளுங்கள் சொல்கிறோம்: குதிரைக்குக் கட்டை இழுக்கும் போட்டி

கே: எங்கள் ஊர்த் திருவிழாவில் குதிரை வண்டிப் பந்தயம் உண்டு. இந்த முறை ரோட்டில் வண்டி விடாமல், பொட்டலில் மரக்கட்டையைக் குதிரை இழுத்துவரும் போட்டி வைக்க நினைக்கிறோம். எவ்வளவு எடை, என்னென்ன சாமான், எதில் கவனம் வேண்டும்?
– வாசகர், மேலூர்

ப: தாராளமாக வைக்கலாம், வேகத்துக்குப் பரிசு கொடுக்காமல் இருந்தால். வண்டியில் இரண்டு பக்கமும் உள்ள மரம், வண்டி குதிரையின் மேல் வந்து மோதாமல் பிடித்துக்கொள்ளும். கட்டைக்கு அந்தப் பிடிப்பு கிடையாது. வளைவில் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். சரிவில் வழுக்கிப் பின்னங்காலில் இடிக்கும். ஒருமுறை இடிபட்ட குதிரை கட்டையோடு கூட்டத்துக்குள் பாய்ந்துவிடும். அதனால் நடை மட்டும்தான். ஓட்டமெடுத்தால் புள்ளி குறையும், சாட்டை எடுத்தால் ஆட்டம் முடிந்தது என்று முதல் நாளே அறிவித்துவிடுங்கள்.

எடையைக் குதிரையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். நெஞ்சுச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்கி, தோள்முனை முதல் புட்டமுனை வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் உத்தேச எடை கிலோவில் வரும். சுற்றளவு 150, நீளம் 135 என்றால் சுமார் 255 கிலோ. நம் பக்கத்து வண்டிக் குதிரைகள் பல இந்த வாட்டம்தான். கட்டை அதில் கால் பங்கு, அதாவது 60 கிலோ அளவில் இருக்கட்டும். 20 செ.மீ. விட்டமும் 2 மீட்டர் நீளமும் உள்ள சவுக்குக் கட்டை ஏறக்குறைய அந்த எடை வரும். எதற்கும் தராசில் போட்டுப் பாருங்கள், ஈரக் கட்டை ஏமாற்றும். முன்முனையைச் சுற்றிலும் சீவிவிட்டால் மண்ணில் குத்தாது.

நெஞ்சுப்பட்டை தோள் மூட்டுக்கு மேலே, மூச்சுக்குழலுக்குக் கீழே நிற்க வேண்டும். கட்டை தரையில் கிடப்பதால் இழுவை பட்டையைக் கீழே இறக்கும். பட்டை மூட்டில் உட்கார்ந்தால் குதிரை காலை நீட்டி வைக்காது. பட்டையைத் தூக்கிப் பிடிக்கக் கழுத்துக்கு மேலே ஒரு வாரும், பட்டையிலிருந்து இரண்டு பக்கமும் பின்னால் போகும் இழுவார் தொய்ந்து காலில் சுற்றாமலிருக்க முதுகில் ஒரு வாரும் போடுங்கள். இரண்டு இழுவார்களும் பின்னால் ஒரு குறுக்குத்தடியில் சேரும். அதன் நடுவளையத்திலிருந்து சங்கிலி போகும். பின்னங்குளம்புக்கும் கட்டைக்கும் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் இடைவெளி வேண்டும்.

தடிக்கும் சங்கிலிக்கும் நடுவே, இழுவை இருக்கும்போதே தட்டினால் திறக்கும் கொக்கி கட்டாயம். சாதாரண கொக்கியோ கயிற்று முடிச்சோ இழுபட்டபடி இருக்கையில் அவிழாது. நைலான் கயிறு வேண்டவே வேண்டாம். நீண்டு அறுந்தால் சுண்டி அடிக்கும். சங்கிலியைக் கட்டையின் முனையிலிருந்து ஒரு முழம் தள்ளிச் சுற்றுங்கள். சங்கிலியைக் கட்டையில் மாட்டும் கொக்கி பக்கவாட்டில் நின்றால், இழுத்ததும் கட்டை உருளும்.

ஓட்டுபவர் கட்டைக்குப் பக்கவாட்டில், வளைவின் வெளிப்புறமாக நடக்க வேண்டும். சங்கிலியைத் தாண்டக் கூடாது, கடிவாள வாரைக் கையில் சுற்றக் கூடாது. விபத்து பெரும்பாலும் இந்த இரண்டில்தான்.

பாதை 80 மீட்டர் போதும். கூம்புகளின் மேல் பந்து வைத்து, கட்டை உரசிப் பந்து விழுந்தால் புள்ளி குறையுங்கள். கடைசியில் சுண்ணாம்புக் கட்டத்துக்குள் கட்டையை நிறுத்தி, கொக்கியைக் கழற்றும்வரை குதிரை அசையாமல் நிற்க வேண்டும். வித்தை அங்கேதான் தெரியும். பாதையிலிருந்து 10 மீட்டர் தள்ளி இரட்டைத் தடுப்பு. வெடியும் கொட்டும் போட்டி முடிந்த பிறகு.

கே: பந்தயக் குதிரையை நேரே கட்டையில் பூட்டலாமா? – வாசகர், சோழவந்தான்

ப: கூடாது. சத்தம் கேட்டதும் பாயத்தான் அதைப் பழக்கியிருக்கிறார்கள். முதலில் ஒரு ஆள் கட்டையை முன்னால் இழுத்துப்போக, குதிரை பின்னே வரட்டும். பிறகு பக்கத்தில், அதன்பின் பூட்டாமலே பின்னால். உரசும் சத்தத்துக்குக் காது திருப்பாமல் நடக்கத் தொடங்கியதும் பழைய டயர், அப்புறம்தான் கட்டை. மூன்று நான்கு வாரம் பிடிக்கும்.

கே: கரிசல் காட்டில் நடத்தலாமா? அனுமதி யாரிடம்? – வாசகர், திருமங்கலம்

ப: காய்ந்த கரிசல் வெடிப்பில் குளம்பு மாட்டும். வைகை மணலில் இழுவை ஏறிவிடும். கெட்டியான செவல் பொட்டலே நல்லது. 1965-ஆம் ஆண்டின் இழுவை விலங்கு விதிகளின்படி, 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் பகல் 12 முதல் 3 மணி வரை விலங்கைப் பூட்டக் கூடாது. முள் வைத்த கடிவாளமும் தடை. காலை 9 மணிக்குள் முடித்துவிடுங்கள். 2017-இன் ஜல்லிக்கட்டுச் சட்டத் திருத்தம் காளைகளுக்கு மட்டுமே. குதிரைக்கு 1960-ஆம் ஆண்டு வதைத் தடுப்புச் சட்டம் அப்படியே பொருந்தும். ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேளுங்கள். கால்நடை மருத்துவர் களத்தில் இருக்க வேண்டும். ரணஜன்னி (டெட்டனஸ்) ஊசி போடாத குதிரை, நொண்டும் குதிரை, சினைக் குதிரை மூன்றையும் திருப்பி அனுப்புங்கள். ஒரு சுற்று முடிந்து கால் மணி நேரத்தில் நாடித்துடிப்பு 64-க்குக் கீழே இறங்காவிட்டால் அடுத்த சுற்று கிடையாது; நிழலில் நிறுத்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள்.