நாய் உண்ணி, பூனை, மாத்திரை: கால்நடை மருத்துவரிடம் கேட்டவை

தாம்பரம்: மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். நாய் மண்ணை மிதிப்பதே இல்லை. வாராவாரம் குளியல். பிறகும் எப்படி சார் உண்ணி?

நம்ம ஊர் நாய் உண்ணிக்குப் புல்தரை வேண்டாம், உங்கள் வீடே போதும். குஞ்சு ஆறு காலோடு நாய்மேல் ஏறும், ரத்தம் குடிக்கும், கீழே விழும். இடுக்கில் ஒளிந்து தோலுரித்து எட்டுக் காலோடு மறுபடி ஏறும். மூன்றாவது தடவை ஏறிய பெண்தான் நீங்கள் பார்க்கிற, ஆமணக்கு முத்து மாதிரி ஊதிய சாம்பல் நிற உண்ணி. அது இறங்கிப்போய் 4,000 வரை முட்டையிட்டுச் செத்துப்போகும். இந்த இனத்துக்குச் சுவரேறும் புத்தி உண்டு. தரையை மட்டும் துடைத்துப் பயனில்லை. கதவு நிலை, சுவிட்ச் போர்டு ஓரம், கட்டில் மூட்டு என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

உண்ணி சாப்பிடாமலே மாதக்கணக்கில் காத்திருக்கும் என்பதால், ஒரே ஒரு மாத்திரையோடு நிறுத்துகிறவர்கள் திரும்ப வருகிறார்கள். உண்ணியைக் கொல்லும் மாத்திரைகளில் அஃபாக்ஸலேனர் மாதம் ஒன்று, ஃப்ளூரலேனர் 12 வாரத்துக்கு ஒன்று. வலிப்பு வந்த நாய் என்றால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மதுரை: நாய்க்கு வாங்கிய சொட்டு மருந்து மிச்சம் இருக்கிறது. பூனைக்குப் போடலாமா?

கூடாது. அதில் பெர்மெத்ரின் என்கிற பூச்சிக்கொல்லி இருந்தால் பூனையின் ஈரலால் அதை முறிக்க முடியாது. நடுக்கம், வலிப்பு, சாவு. அமிட்ராஸ் என்கிற உண்ணி மருந்துக் குளியலும் பூனைக்கு ஆகாது.

திருச்சி: நாய் இரண்டு நாளாய்ச் சாப்பிடவில்லை. இன்று மூக்கில் ரத்தம்.

படித்துக்கொண்டிருக்காதீர்கள், கிளம்புங்கள். எர்லிக்கியா என்கிற உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் இறங்கியிருக்கும். அதற்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை எழுதினால் வழக்கமாக 28 நாள். நாய் வாலாட்டத் தொடங்கியதும் நிறுத்திவிடாதீர்கள்.

பொள்ளாச்சி: என் தாத்தா நாய்க்கு மாத்திரையா கொடுத்தார்? வேப்பெண்ணெய்தான். சீமை நாய் வளர்ப்பதால் வந்த வினை இது.

தாத்தா காலத்துக்கே போவோம் ஐயா. 1910இல் பேட்டன் என்பவர் மெட்ராஸ் ஹன்ட் என்கிற வெள்ளைக்காரர் வேட்டைக் குழுவின் நாய்களுடைய ரத்தத்தில் ஒரு புதுக் கிருமியைக் கண்டு எழுதினார். நரி ரத்தத்திலும் அது இருந்தது. இன்றைக்கு அதன் பெயர் பபீசியா கிப்சோனி, அதைப் பரப்புவது உண்ணி. உலகத்துக்கு அது அறிமுகமானதே நம்ம சென்னையிலிருந்துதான். ரத்தம் குறைந்து நாட்டு நாயும் சாகும். பரிசோதித்துப் பெயர் சொல்லத்தான் அன்று ஊரில் ஆளில்லை.

மறுபடி பொள்ளாச்சி: அந்த வேட்டை நாய் வெள்ளைக்காரன் நாய். நரிக்கு ஒன்றும் ஆகவில்லையே?

நல்ல மடக்கல். நாட்டு நாய்கள் சில வெளியே காட்டாமல் தாங்கிக்கொள்ளும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தாங்குகிற நாய்க்குள் கிருமி இருக்கிறதே! பபீசியா கடிச்சண்டையிலும் பரவும். உங்கள் நாய் திடமாய் நிற்க, அது கடித்த எதிர்வீட்டு லாப்ரடாருக்கு டிரிப் ஏறும். வேப்பெண்ணெய் உண்ணியைக் கொஞ்சம் விரட்டலாம், கிருமியைத் தொடாது.

விருதுநகர்: நடுவில் வருகிறேன். ராஜபாளையத்துக்கு வருமா?

வரும். சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி எல்லாவற்றுக்கும் வரும். ஜாதிப் பெருமையை உண்ணி பார்ப்பதில்லை.

கோபி: ஒட்டியிருக்கிற உண்ணிக்கு மண்ணெண்ணெய்?

வேண்டாம். தோல் வெந்துபோகும். மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். விரலால் நசுக்காதீர்கள்.

சேலம்: பூனைக் காதில் கறுப்பு அழுக்கு, ஓயாமல் சொறிகிறது. உண்ணியா?

பெரும்பாலும் காதுப் பூச்சி. அது வேறு சங்கதி. காதுக்குள் பார்க்காமல் மருந்து சொல்ல மாட்டேன்.

நெல்லை: நாய் ஷாம்பூ பூனைக்குக் கொஞ்சமாய்...

மதுரைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். கொஞ்சமாகவும் கூடாது.

வேலூர்: பூனைக்கு நாய் பவுடர்?

கூடாது!

ஈரோடு: ஆட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டின் ஊசி இருக்கிறது. வீட்டில் கோலி நாய். உண்ணிக்கு அதைப் போடலாமா?

தொடாதீர்கள். கோலி ரகத்தில் பல நாய்களுக்கு அந்த மருந்தை மூளைக்குள் விடாமல் தடுக்கும் மரபணு பழுது. ஆட்டு அளவில் போட்டால் நாய் மயங்கி விழும். பாட்டிலை ஆட்டுக்கே வைத்துக்கொள்ளுங்கள், நாயை எடை போட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.